தரையில் விழுந்த துணி

முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளி, வெளியூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்திருந்த அவருடைய மகன், மேனேஜர், கணக்கு பார்ப்பவர், கட்டிங் மாஸ்டர், நான். இல்லாதவர்கள் ஐந்து பேர், அந்தக் கம்பெனியைக் கூட்டிப் பெருக்குகிற பெண்கள். இல்லாதவர்கள் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. கதவுக்கு வெளியே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள், டீ கிளாஸ் எடுக்க எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு. நான் கொண்டுபோயிருந்த படிவத்தில் ‘தொழிலாளர் பிரதிநிதி’ என்று ஒரு கட்டம் இருந்தது. யாரைப் போடலாம் என்று கேட்டேன். மேனேஜர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, தன் பெயரையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

“நானும் சம்பளத்துக்குத்தான தம்பி வேலை பாக்குறேன்? நானும் தொழிலாளிதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் இருந்தது அந்தக் கம்பெனி. சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசை விரிப்பு என்று தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வாங்குகிறவர்களை அங்கே எல்லோரும் ‘பையர்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பையர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்: இனிமேல் ஆண்டுக்கு ஒருமுறை நிலைத்தன்மை அறிக்கை வேண்டும். எவ்வளவு கரண்ட் எரித்தீர்கள், எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எவ்வளவு குப்பை விழுந்தது, அது எங்கே போனது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கணக்கும் ஆதாரமும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆர்டர் வேறு ஊருக்குப் போகும். அப்படி அறிக்கை கேட்கப்படும் கம்பெனிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்து, யார் எதை எழுத வேண்டும் என்று பிரித்து, எழுத வைத்து, அச்சுக்குப் போகும்வரை கூடவே நிற்பது எங்கள் வேலை. எங்கள் ஆபீஸ் கோயம்புத்தூரில். மதுரைப் பக்கத்துக்கு நான் ஒருவன்தான்.

இந்த வேலையை என் அம்மாவுக்குப் புரியவைக்க முடிந்ததேயில்லை. பரவைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அம்மா நடவு, களையெடுப்பு, பருத்தி என்று கூப்பிட்ட காட்டுக்கெல்லாம் போனவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கம்பெனிகளில் விழும் குப்பை எவ்வளவு என்று கணக்கு எழுதுவேன் என்று ஒருநாள் சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“குப்பைக் கணக்கா? அதுக்காடா எம்.எஸ்ஸி. படிச்ச?”

“அதுக்குத்தான்மா சம்பளம்.”

“குடுக்குறாகள்ல? அப்பச் சரி.”

அந்தக் கம்பெனியின் குப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியின் குடும்பம் பல தலைமுறைக்கு முன் குஜராத்திலிருந்து வந்து மதுரையில் நெசவு செய்த குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷையே தனி. அவருடைய அப்பா டவுனில் வீட்டு முன்கூடத்திலேயே நான்கு தறி போட்டிருந்தாராம். தறிக்கு அடியில் விழும் நூலைக் கூட்டுகிற பெண்ணே எடுத்துக்கொண்டு போகலாம் என்று விட்டிருந்தார். தறி போய், தையல் மிஷின் வந்து, கப்பலூரில் ஷெட் எழும்பிய பிறகும் அந்த வழக்கம் மட்டும் கூடவே வந்தது. மேசை மேல் இருக்கும் துணி கம்பெனிக்கு. தரையில் விழுந்த துணி கூட்டுகிறவர்களுக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டிங் மேசையிலிருந்து ஓரத்துணி விழும், துண்டு விழும், சில சமயம் கறைபட்ட முழுத்துண்டும் விழும். ஐந்து பெண்களும் அதைக் கூட்டிச் சாக்கில் அமுக்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருமங்கலம் ரோட்டில் ஒரு பழைய துணிக் கடையில் போடுவார்கள். லாரி ஷெட்டில் கிரீஸ் துடைக்க அந்தத் துணி போகும்.

அவர்களை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டர் கொடுக்கும் கூலி சோற்றுக்குச் சரியாக இருந்தது. மிச்ச வாழ்க்கை அந்தச் சனிக்கிழமை மூட்டையில் இருந்தது. ஐவரில் மூத்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் தனியார் கல்லூரியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பீஸ் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“எப்படிக் கட்டுறது? துணிதான் கட்டுது. நான் சாக்கத்தான் கட்டுறேன்” என்றாள். மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

அறிக்கை வேலை தொடங்கியபோது கரண்டுக்கு பில் இருந்தது, டீசலுக்கு பில் இருந்தது, தண்ணீர் லாரிக்குக்கூட ஒரு நோட்டு இருந்தது. குப்பைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மேனேஜரைக் கேட்டேன்.

“எழுதிக்கங்க தம்பி, நாளைக்கு முப்பது கிலோ.”

“அளந்தீகளாண்ணே?”

“அளக்குறதுக்கு அதென்ன தங்கமா?”

அந்த வயதுக்குரிய பிடிவாதம் எனக்கு இருந்தது. குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடுவது பொய் எழுதுவது என்று நினைத்தேன். ஆபீசில் சொல்லி ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி, கட்டிங் ஹாலுக்குப் பின்னால் மூட்டை வைக்கும் இடத்தில் வைத்தேன். நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதிக்கு ஒரு வரி, எடைக்கு ஒரு கட்டம் என்று பிரித்தேன். மூத்த அக்காவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பஸ் நம்பரும் ரூபாயும் படிக்கிறவளுக்கு அது போதும்.

“குப்பைய நிறுத்து என்ன சார் பண்ணப் போறீக?” என்று கேட்டாள் ஒருத்தி. “வெளிநாட்டுக்காரனுக்குப் பார்சலா?”

“அவன் கேட்டாலும் கேப்பான்டி. அவன் ஊருல தூசியே இல்லையாம்ல” என்றாள் இன்னொருத்தி.

நான் அவர்களுக்கு அந்த வேலையின் மேல் ஒரு பிடிப்பு வரவேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்: எழுதுகிறவர்களுக்கு அது தன்னுடைய கணக்கு என்று தோன்ற வேண்டும். அதனால் சொன்னேன்.

“தெனமும் விடாம நிறுத்து எழுதுங்கக்கா. எழுதுனாத்தான் நீங்க எம்புட்டு வேலை பாக்குறீகன்னு மேல இருக்கவுகளுக்குத் தெரியும்.”

மூத்த அக்கா தராசையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “எம்புட்டு வேலைன்னு தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டாள்.

“தெரியும்க்கா.”

“அப்ப எழுதிருவோம்.”

அன்றிலிருந்து நான் அவர்களுக்கு எடை சார். வாரத்தில் இரண்டு நாள் ஆரப்பாளையத்திலிருந்து பஸ் மாறிக் கப்பலூருக்குப் போவேன். முதலில் போய்ப் பார்ப்பது அந்த நோட்டைத்தான். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மற்ற கம்பெனிகளில் டிகிரி முடித்தவர்களே மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து கற்பனையில் நிரப்பிக் கொடுப்பார்கள். இங்கே கோணல்மாணலாக, ஆனால் தேதி தவறாமல் எண்கள் இறங்கியிருந்தன. முதல் வாரம் நாளுக்கு இருபது கிலோ. அப்புறம் இருபத்தாறு. இரண்டாம் மாதம் முப்பத்து நாலு. மூன்றாம் மாதம் நாற்பத்தொன்று. எண் ஏறுவதைப் பார்த்தேன். ஆர்டர் கூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நோட்டைப் போட்டோ எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, பாருங்கள், கூட்டுகிற பெண்களே எழுதுகிறார்கள் என்று பெருமைப்பட்டதும் உண்டு.

ஆவணி மாதம், மூன்று மாதக் கணக்கை முதலாளி அறையில் திரையில் போட்டுக் காட்டினேன். கரண்டு, டீசல், தண்ணீர் எல்லாம் வரிசையாகப் போனது. குப்பைப் படம் வந்ததும் மகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ப்ரோ, ஒரு நிமிஷம். மாசம் ஆயிரம் கிலோவா?”

“கடைசி மாசம் அப்படித்தான் சார் வருது.”

அவர் போனில் கணக்குப் போட்டார். “வாங்குற துணி மாசம் ஒம்பது டன். அப்படின்னா நூத்துக்குப் பதினொண்ணு. நாம பையர்ட்ட அஞ்சு, ஆறுன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். மிச்சம் எங்க போகுது? கேட்டுக்கு வெளிய சாக்குல போகுது.”

பிறகு அப்பாவும் மகனும் அவர்கள் பாஷையில் பேசினார்கள். மதுரையில் அந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும், எனக்குப் புரியாது. நடுநடுவே ‘வேஸ்ட்’, ‘கேட்’, ‘மாஸ்டர்’ என்ற மூன்று சொல் மட்டும் வந்து போயின. மாஸ்டர் அங்கேயேதான் நின்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டோடு இருப்பவருக்கு அந்தப் பாஷை புரியும். அவர் முகம் மாறியதை வைத்துத்தான் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வேண்டுமென்றே நல்ல துணியைத் தரையில் தள்ளுகிறார் என்று மகன் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் என் தோளில் கை போட்டார். அன்பாகப் போட்டதாகத் தெரியவில்லை.

“நல்லா வச்சீக தம்பி தராச.”

“அண்ணே, நான் அப்படி நெனைக்கவே இல்ல…”

“சனிக்கிழமை ரெண்டு பீஸ் துணி கூட விழும். இல்லைன்னு சொல்லல. பொம்பளைக மூஞ்சியப் பாத்தா கை தானாத் தள்ளும். அதுக்காக டன் கணக்குலயா தள்ளுவேன்? நான் என்ன கைய வச்சுத் தள்ளுறனா, ஜே.சி.பி.ய வச்சுத் தள்ளுறனா?”

அந்த வாரம் கட்டிங் மேசைக்கு மேலே கேமரா வந்தது. சாக்குகளை ஒரு அறையில் போட்டுப் பூட்டினார்கள். விசாரித்து முடியும்வரை மூட்டை வெளியே போகக் கூடாது என்றார் மகன். அந்தச் சனிக்கிழமை ஐந்து பேரும் வெறுங்கையோடு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாத வாடகைக்கு நான் தங்கியிருந்த ஆரப்பாளையம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கடைசி மாதம் உள்ளே வந்த துணியின் எடையை ஒரு பக்கம் எழுதினேன். தைத்து வெளியே போன சரக்கின் எடையையும் குப்பையின் எடையையும் கூட்டி மறுபக்கம் எழுதினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். உள்ளே வந்ததைவிட அரை டன் கூடுதலாக வெளியே போயிருந்தது. கம்பெனி துணியைத் தைக்கிறது, விளைவிக்கவில்லை. கீழே பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல், தேனி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். தப்பு என் கூட்டலில் இல்லை. நோட்டில் இருந்தது.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்பே போனேன். ஐந்து பேரும் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோட்டை எடுத்து மூத்த அக்காவின் முன்னால் வைத்தேன்.

“அக்கா, இந்த எடை எப்படிக்கா வந்துச்சு? உண்மையச் சொல்லுங்க.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

“கோவிச்சுக்காதீக சார். தண்ணி தெளிச்சோம்.”

“தண்ணியா? எதுக்குக்கா?”

“எதுக்குன்னா? மல்லிகப் பூ எடுக்கப் போவோம்ல, ஈரத்துணியப் போத்தித்தான நிறுக்கக் கொண்டுபோவோம்? பருத்திக்கும் அப்படித்தான. தராசு வச்சு நோட்டுப் போட்டா, கிலோக்குக் கூலின்னுதான சார் அர்த்தம்? நீங்களும் சொன்னீகள்ல, எழுதுனா எம்புட்டு வேலைன்னு தெரியும்னு.”

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். “ரெண்டாம் மாசமே கூலி கூடும்னு சொன்னா சார் இவ. கூடல. சரி, எடை பத்தல போலன்னு இன்னொரு வாளி ஊத்துனோம். மூணாம் மாசமும் வரல. அப்புறம் கூட்டுற மண்ணு, டாய்லெட்டு ஓரத்துல வாருறது, எல்லாத்தையும் அள்ளி வச்சு நிறுத்தோம்.”

“வாளி நாந்தான் தூக்குனேன். இடுப்புப் போச்சு” என்றாள் கடைசியில் இருந்தவள். யாரும் சிரிக்கவில்லை.

“நாங்க எடுத்துட்டுப் போறது நூத்திருவது கிலோதான் சார் வாரத்துக்கு. காஞ்ச துணி. கடைச் சீட்டு வீட்டுல கெடக்கு, வேணும்னா கொண்டாரேன்” என்றாள் மூத்த அக்கா. “கொறச்சு எழுதிருங்க சார். எங்களுக்குக் கூலியெல்லாம் கூட்ட வேணாம். மூட்டைய மட்டும் விட்டாப் போதும். ஐப்பசிக்குள்ள காலேஜுல கட்டணும்.”

என் அம்மா பருத்தி எடுக்கப் போன காலத்தில், எடை போடும் இடத்துக்குப் போகுமுன் சாக்கை வரப்பு ஈரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பாள். நான் பார்த்திருக்கிறேன். எடை போடுகிறவருக்கும் தெரியும், அவர் அதற்கென்று கொஞ்சம் கழிப்பார், அம்மா அதற்கென்று கொஞ்சம் கூட்டுவாள். தராசு என்றால் கூலி என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்தக் கம்பெனியில் அது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். அங்கே வந்த படித்தவர்களில் வேறு யார் வீட்டிலும் யாரும் கிலோ கூலிக்குப் போயிருக்க மாட்டார்கள். எனக்குப் பதிலாக அவர்களில் ஒருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

நோட்டைப் பற்றிச் சொன்னால் அந்தப் பெண்கள் பொய் எழுதியவர்கள் ஆவார்கள். சொல்லாமல் விட்டால் டன் கணக்கில் துணியைக் கொண்டுபோனவர்கள் ஆவார்கள். இரண்டில் திருட்டைவிடப் பொய் பரவாயில்லை என்று நினைத்து, மேலே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். மாஸ்டர் மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது. மகன் நல்ல மனிதர். மாஸ்டரை உடனே கூப்பிட்டு, “தப்பா நெனச்சுட்டேண்ணே” என்றார். ஆனால் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அப்ப இந்த மூணு மாசக் கணக்கு?”

அங்கிருந்தே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். எங்கள் சீனியர் சுருக்கமாகப் பேசுவார். அந்த மூன்று மாதத்தையும் தூக்கிப் போடு, இனிமேல் குப்பை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சிக்காரருக்குப் போகட்டும், அவர் எடைச்சீட்டும் ரசீதும் கொடுப்பார், பையருடைய ஆடிட்டர் வந்தால் அதைக் காட்டு என்றார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

நான் ஒரு முயற்சி செய்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் என்னை இன்னும் மோசமாகக் காட்டுவேன். சொன்னால் நல்லவனாகக் காட்டிக்கொள்வது போலாகும். நடந்தது இதுதான். குப்பை எங்கே போகிறது என்ற பக்கத்தில் ‘ஊழியர்களுக்கு மறுபயன்பாட்டுக்குத் தரப்பட்டது’ என்று ஒரு வரி போடலாம், விதியில் இடம் இருக்கிறது, கடைச் சீட்டையே ஆதாரமாக வைக்கலாம் என்றேன். மேனேஜர் தலையை ஆட்டினார்.

“ஊழியர்னு எழுதுனா அடுத்த பக்கத்துல கேப்பான் தம்பி, எத்தன பேரு, எம்புட்டு சம்பளம், பி.எஃப். உண்டான்னு. அவுக காண்ட்ராக்டர் ஆளுக. நீங்க எழுதியிருக்க ஆள் கணக்குலயே அவுக இல்லையே?”

இல்லைதான். அந்த ஆள் கணக்கை மேனேஜர் கொடுத்த பட்டியலைப் பார்த்து நான்தான் எழுதியிருந்தேன். ஐந்து பேர் விட்டுப்போகிறார்கள் என்று எழுதும்போதே தெரியும். முதல் வருஷம்தானே, அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எங்கப்பா காலத்துல இருந்து வர்றது. தரையில விழுந்தத நாம எடுத்ததில்ல.”

“அப்பா, ஆர்டர் போச்சுன்னா தரையில விழுகுறதுக்கே துணி இருக்காது” என்றார் மகன். மரியாதையாகத்தான் சொன்னார். அதில் தப்பும் இல்லை. அங்கே நூற்று இருபது பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்ற தம்பி? நீதான இதுக்குப் படிச்சவன்.”

அந்தக் கேள்வி அவர் எனக்குத் திறந்து வைத்த கதவு என்று இப்போது தெரிகிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு மகனிடம் பேசியிருப்பார். ஆனால் மூன்று மாதக் கணக்கைக் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போனில் சீனியரின் குரல் இன்னும் காதில் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

“ரசீது இருந்தா ரிப்போர்ட்டுக்கு நல்லதுங்கய்யா” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை மறுசுழற்சிக்காரரின் மினி லாரி வந்தது. அவர்களே தராசும் கொண்டுவந்தார்கள். சாக்குகளைத் தூக்கி ஏற்றியது அதே ஐந்து பெண்கள்தான். அது அவர்கள் வேலையில் சேர்ந்துவிட்டது. அந்த வாரத்துச் சாக்குகள் மட்டும் நூற்றுப் பதினெட்டு கிலோ நின்றன. அவர்கள் சொன்ன எடை ஏறக்குறைய அப்படியே. லாரிக்காரர் சீட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் அதைக் கோப்பில் வைத்தேன். மூத்த அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சரியாக இருக்கிறது என்றேன்.

அந்தத் தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு சேலை கொடுத்தார்கள். கல்லூரிப் பணத்துக்கு மூத்த அக்கா காதில் கிடந்ததை விற்றுக் கட்டினாள் என்று மாஸ்டர் சொன்னார். பங்குனியில் அறிக்கை அச்சாகி வந்தது. வழுவழுப்பான தாள். கழிவுத் துணி முழுவதும் பதிவுபெற்ற மறுசுழற்சிக்குப் போகிறது என்று ஒரு பக்கம் முழுக்கப் பச்சையில் போட்டிருந்தது. அந்த வாக்கியம் நான் எழுதியது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பையர் பாராட்டிக் கடிதம் அனுப்பினார், ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, எங்கள் ஆபீசில் எனக்குச் சம்பளம் கூட்டினார்கள். அம்மாவிடம் சொன்னேன். குப்பைக்கு இம்புட்டா என்று சந்தோஷப்பட்டாள். மற்றதைச் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷப் பீஸ் கட்டும் நேரத்தில் மூத்த அக்காவிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. மகள் கல்லூரியிலிருந்து நின்றுவிட்டாள். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

“ஒரு வருஷம் இருந்துட்டுத் திரும்பப் போவா சார். சொல்லித்தான் விட்டுருக்கேன்” என்றாள் மூத்த அக்கா. இப்படி ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பப் படிக்கப் போனவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

இரண்டாம் வருஷ அறிக்கைக்குப் போனபோது, சரியாக ஒரு புரட்டாசி சுற்றி வந்திருந்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகன் ஊரில் இல்லை.

“அந்தப் பொம்பளைகளுக்கு இதுல எம்புட்டுப் போச்சுன்னு ஒரு கணக்குப் போட்டுக் குடு தம்பி. என் கையிலருந்தாவது எதாச்சும் செய்யணும்.”

“காண்ட்ராக்ட் ஆளுகளுக்கு நேரா குடுத்தா சம்பளக் கணக்குல வரும்னு சின்னவர் சொல்வாருங்கய்யா.”

“அது எனக்குத் தெரியும். நீ கணக்கக் குடு.”

சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஷெட்டில் அவர்களோடு உட்கார்ந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பழைய கடைச் சீட்டுகளை மூத்த அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள், அடுத்த நாள் கொண்டுவந்தாள். முன்பின்னாக வாரத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வந்திருக்கிறது. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்நூறு. தீபாவளி வாரத்தையும் பொங்கல் வாரத்தையும் விட்டுவிட்டால் வருஷத்துக்கு ஐம்பது வாரம்.

“சேலையக் கழிச்சுக்கங்க சார்” என்றாள் மூத்த அக்கா. “வாங்குனதச் சொல்லணும்ல.”

சேலை நானூற்று ஐம்பது ரூபாய். கழித்துக்கொண்டேன். விற்ற கம்மலையும் நின்றுபோன படிப்பையும் எங்கே எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஒரு வெள்ளைத் தாளில் அழகாக எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தாளில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஒரு வருஷத்துக்கு ஆளுக்கு இருபத்து நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது, ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.